பத்து மணி நிழல்

மார்ச் 9, திங்கள்
மொட்டைமாடியில் சோலார் தகடுகள் ஏறி ஒரு வாரம் ஆகிறது. ஏசி அதில் மட்டும்தான் ஓடும். இரவெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வருகிற என் வீட்டுக்காரர் பகலிலாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் இத்தனையும். ஆனால் பத்து மணிக்கு இன்வர்ட்டர் கீச்சென்று கத்துகிறது, ஏசி நின்றுவிடுகிறது. அவர் வியர்த்து வழிய எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. பிறகு ஏன்?

மார்ச் 11, புதன்
இன்றும் அதே பத்து மணி. சோலார்காரர் வந்து பார்த்தார். "மெஷின்ல ஒரு குறையும் இல்லம்மா. வெயில்தான் சரியா வரல." வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில்.

மார்ச் 13, வெள்ளி
"நேத்து ராத்திரி ரோட்டுக் கோடு ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது" என்றார் அவர், ஏதோ சாதாரணமாக. அவரை நம்பிப் பின்னால் எத்தனை பேர் தூங்கிக்கொண்டு வருகிறார்கள் — யாரிடம் போய்ச் சொல்ல?

மார்ச் 15, ஞாயிறு
அவருக்கு விடுமுறை, ஏசி போடவில்லை. சும்மா இருக்க முடியாமல் வாஷிங் மெஷினையும் இஸ்திரிப்பெட்டியையும் சோலாரில் மாட்டிப் பார்த்தேன். பத்து மணி தாண்டியும் முணுமுணுக்காமல் ஓடின. அவர் தூங்கும் நாளில் மட்டும் முரண்டு பிடிக்குமா சூரியன்? அவருக்கும் அதற்கும் என்ன பகை?

மார்ச் 16, திங்கள்
ஏசியைப் போட்டுவிட்டு மாடியில் காவல் உட்கார்ந்தேன். பக்கத்துக் கட்டிடம் எங்களுடையதைவிட ஒரு மாடி உயரம். கொஞ்ச நேரத்தில் அங்கே பால்கனியில் ஒரு பெண் ஈரப் போர்வையை விரித்துக் கட்டினாள். பத்து மணிக்கு அதன் நிழல் நகர்ந்து வந்து எங்கள் தகடுகள்மேல் படுத்துக்கொண்டது. கீழே இன்வர்ட்டர் கத்தியது.

அகப்பட்டாள் என்று சண்டைக்கே அந்தக் கட்டிடத்துப் படியேறினேன். கதவைத் திறந்தவள் நிறைமாதக் கர்ப்பிணி. "கோவிச்சுக்காதீங்கக்கா. உங்க ஏசி பெட்டி ஊதுற அனல் நேரா என் ரூமுக்குள்ள வருது. அது ஓடினாதான் போர்வை கட்டுறேன்." ஏசி நின்ற பிறகும் அந்த அறை அடுப்படி மாதிரிக் கொதித்தது. "தெரியாமப் போச்சும்மா" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 18, புதன்
ஏசிக்காரர் பெட்டியைத் தெருப்பக்கம் மாற்றி வைத்தார். வெட்கமாக இருக்கிறது. அது எங்கே ஊதுகிறது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையே.

மார்ச் 19, வியாழன்
பத்து மணி ஆயிற்று. பத்தரையும் ஆயிற்று. இன்வர்ட்டர் வாயே திறக்கவில்லை. அவர் குறட்டை மாடிப்படி வரைக்கும் கேட்கிறது. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பக்கத்துப் பால்கனியில் போர்வை இல்லை. கதவு திறந்திருந்தது, உள்ளே அவளும் தூங்கிக்கொண்டிருந்தாள்.