டீக்கடைக்குத் திரும்பின பலகை

அக்கா,

கேப்பைக் கூழ் மூடி வெச்சிருக்கேன். பக்கத்துல மல்லாட்டைத் துவையல், கடலை நேத்து வறுத்தது.

ஆபீசர் பார்க்க வந்தப்ப வாக்குச்சாவடிப் படிமேல வீல்சேர் ஏறச் சாய்தளம்னு போட்டிருந்த பலகை, அவர் கார் கிளம்பினதும் டீக்கடைக்கே பெஞ்சாத் திரும்பிடுச்சு. ரெண்டையும் போட்டோ எடுத்திருக்கேன், அதோட திண்டிவனத்துல புகார் குடுக்கப் போறேன்.

"புகார்ல என் பேரை இழுக்காதே, போன தேர்தல் மாதிரி என்னை வீல்சேரோட தூக்கிக்கினு போகட்டும்"னு நேத்து கத்தினியே. இழுக்கலை. என் பேரைத்தான் போட்டிருக்கேன்.

விடிஞ்சதுலேருந்து பலகையைப் போடச் சொன்ன வார்டு மெம்பர் பைக் நம்ம வாசலை மூணு தடவை சுத்திடுச்சு. பெட்ரோல் விலை தெரியாதவர் போல. யார் கேட்டாலும் காலேஜுக்குப் போயிருக்கேன்னு ஜன்னல் வழியாவே சொல்லு, கதவைத் திறக்காதே.

பூவரசன்

பி.கு.: பயமில்லை. பின்கதவு வழியாப் போறேன், அவ்ளோதான்.

இன்னொண்ணு: இதை எழுதிக்கினே எட்டரை பஸ்ஸை விட்டுட்டேன், இப்போ ஸ்டாப்புக்குப் போறேன். ஒன்பதுக்குள்ள எழுந்துட்டா ஒரு போன் பண்ணு. நீ திட்டினாக்கூடப் போதும், அடுத்த பஸ்ஸுல ஏறிடுவேன்.