வெளிச்சவீட்டின் கதவு

பண்டாரவளை
12.2.1962

அன்புத் தங்கை இராசேஸ்வரிக்கு,

இந்த மலைக்குளிரில் மூக்கு ஒழுகுவதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. ஐயாவின் இருமல் எப்படி? வைத்தியர் சொன்ன கசாயத்தை அவர் வேலிக்கரையில் ஊற்றாமல் பார்த்துக்கொள்.

இத்துடன் ஒரு கொப்பி வருகிறது. போன மாதம் இங்கே துரைமார் கிளப்பில் பழைய புத்தகங்களை ஏலம் போட்டார்கள். நான் ஒரு பெட்டி எடுத்தேன். எல்லாம் நூறு வருசத்துக்கு முந்திய இங்கிலீசுப் பேய்க்கதைகள். கந்தோர் வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதுகிறேன். இந்தக் கொப்பியில் இருப்பது முதற்கதை, ஒரு பூட்டிய அறையைப் பற்றியது. யாழ்ப்பாணத்து அச்சகக்காரர் ஒருவர் புத்தகமாகப் போட விருப்பம் என்கிறார். ஆனால் "எங்கடை சனம் வெள்ளைக்காரன்ரை பேய்க்குப் பயப்படுமோ?" என்று அவருக்கு ஒரு சந்தேகம்.

எங்கள் வீட்டு வளவில் பின்னேரங்களில் பனையோலைப் பெட்டி இழைக்க வரும் பெண்களுக்கு நீ இதை உரத்து வாசி. எங்கே மூச்சைப் பிடித்தார்கள், எங்கே முகம் வெளிறியது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து அனுப்பு. முடிந்தால் பொழுதுபட்ட பிறகு விளக்கு வைத்து வாசி. ஒரு சொல்லும் மாற்றாதே.

அன்புள்ள அண்ணன்,
தியாகலிங்கம்

சுருவில்
23.2.1962

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதமும் கொப்பியும் கிடைத்தன. ஐயாவின் இருமல் குறைந்துவிட்டது. கசாயத்தை இப்போது என் கண்முன்னால்தான் குடிக்கிறார்.

பூட்டிய அறைக் கதையை மூன்று பின்னேரம் வாசித்தேன். பொழுதுபட்ட பிறகு ஏலாது அண்ணை. அவர்களுக்குச் சமையல் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். அதோடு எங்கள் ஊர்ப் பேய்களுக்கு உச்சி வெயில்தான் நேரம் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். வேப்பமரத்தடியில் இருந்து, வெறிச்சோடிக் கிடக்கும் வெளியைப் பார்த்துக்கொண்டு கேட்டால் போதும்.

நீங்கள் கேட்டதால் உண்மையை எழுதுகிறேன். பயந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பதினாலு அறையுள்ள வீடு சொத்தாக வந்த அந்தத் துரை அதில் தனியே படுக்கிற இடத்தில், இழைத்துக்கொண்டிருந்த நல்லம்மாக்கா குறுக்கே பேசினார். "உந்த மனிசன் ஏன் தனியப் படுக்கிறான்? துணைக்குப் படுக்கத் தமையன் தம்பியின்ரை பிள்ளை, ஒரு பெறாமோன்கூட இல்லையோ?" என்றார். செல்லாச்சி அக்கா, "சொத்து வந்தவுடனை சொந்தத்தைக் கலைச்சிருப்பான், அதுதான் பேய் பிடிச்சது" என்றார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சுவருக்குள்ளே யாரோ முனகுகிற இடத்தில் மட்டும் ஓலை கிழிக்கிற சத்தம் நின்றது. அங்கே கோடு போட்டிருக்கிறேன்.

ஆனாலும் அடுத்த கதை எப்போது என்று தினமும் கேட்கிறார்கள்.

அன்புத் தங்கை,
இராசேஸ்வரி

பண்டாரவளை
4.3.1962

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் எனக்குச் சலிப்பைத் தந்தது. ஒரு மாதம் கண்விழித்து எழுதியதைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று எழுதுகிறாய். அவர்கள் சிரித்தால் குற்றம் வாசிப்பில் இருக்க வேண்டும். நீ நிறுத்தி, இழுத்து வாசித்திருக்க மாட்டாய். நல்லம்மாவைப் பேச விடாதே. கதை கேட்கிறவர் கேள்வி கேட்கத் தொடங்கினால் பயம் எங்கே வரும்?

இரண்டாவது கொப்பியை அனுப்புகிறேன். இது கலங்கரை விளக்கக் கதை. மூன்று காவல்காரர். இரண்டு பேர் தோணியோடு கடலில் தாழ்ந்துபோகிறார்கள். மற்றவன் தனியே விளக்கைக் காக்கிறான். ஏழாம் நாள் புயலில் படிக்கட்டில் ஈரக்காலடிச் சத்தம் கேட்கிறது. தாழ்ந்துபோன இரண்டு பேரும் வந்து கதவைத் தட்டுகிறார்கள். அவன் திறக்கவில்லை. விடியும்வரை தட்டுகிறார்கள். மறுநாள் தலை நரைத்துச் செத்துக் கிடக்கிறான். இதற்கும் உன் பெண்கள் சிரித்தால் நான் எழுதுவதை விட்டுவிடுகிறேன்.

அன்புள்ள அண்ணன்,
தியாகலிங்கம்

சுருவில்
19.3.1962

அன்புள்ள அண்ணைக்கு,

ஒருவரும் சிரிக்கவில்லை. சந்தோசம்தானே?

கலங்கரை விளக்கம் என்றால் இங்கே சிலருக்கு விளங்காது. அதனால் வெளிச்சவீடு என்று வாசித்தேன். அந்த ஒரு சொல்லுக்குக் கோபிக்க வேண்டாம்.

மீன் கொண்டு வருகிற அல்போன்சம்மா அக்கா அன்று தலையில் இருந்த மீன்கடகத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். படிக்கட்டுச் சத்தம் தொடங்கியதும் எல்லோரும் இழைப்பதை விட்டுவிட்டு என்னருகே நகர்ந்து வந்தார்கள். செல்லாச்சி அக்காவின் கையில் மயிர் கூச்செறிந்ததை நானே கண்டேன். மறுநாளும் அதையே வாசிக்கச் சொன்னார்கள். அதற்கு மறுநாளும் அதையே. இறுப்பிட்டியில் இருந்து வந்த ஒரு பெண்ணைக்கூடக் கூட்டி வந்தார்கள்.

அடுத்ததை அனுப்புங்கள்.

அன்புத் தங்கை,
இராசேஸ்வரி

பண்டாரவளை
27.3.1962

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கந்தோரில் இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டினேன். இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். கதவு திறக்காமல் இருப்பதில்தான் அந்தக் கதையின் பயம் முழுவதும் இருக்கிறது. அச்சகக்காரருக்கும் எழுதிவிட்டேன். மூன்றாம், நான்காம் கொப்பிகள் இத்துடன் வருகின்றன. இதே போல ஒரு சொல்லும் பிசகாமல் வாசி.

தியாகலிங்கம்

பண்டாரவளை
6.6.1962

இராசேஸ்வரிக்கு,

செல்லாச்சியின் புருசன் சிவகுரு ஊரில் நின்றுவிட்டு நேற்று இங்கே தன் சுருட்டுக்கடைக்குத் திரும்பினார். சுருட்டு வாங்கப் போன என்னை ஒரு கதிரையைப் போட்டு இருத்தி, "தம்பி, உம்மடை வெளிச்சவீட்டுக் கதை பெரிய கதை. அந்த மனிசன் கதவைத் திறந்து அவங்களை உள்ளை எடுக்கிற இடம், செல்லாச்சி சொல்லச் சொல்ல எனக்கு வேர்த்துப்போச்சு" என்றார்.

கடையில் நாலு பேர் நின்றார்கள். என் கதையில் அவன் கதவைத் திறக்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வது?

மூன்று மாதமாக என்னை மடையனாக்கி இருக்கிறாய். நீ எழுதிய கடிதத்தை நம்பி அச்சகக்காரருக்கு எழுதினேனே, அவர்கள் பயந்தது எந்தக் கதைக்கு? நூறு வருசம் நின்ற கதையைத் திருத்த உனக்கு யார் உரிமை தந்தது? இங்கிலீசில் ஒரு வரி வாசிக்கத் தெரியுமா உனக்கு?

நாலு கொப்பிகளையும் உடனே திருப்பி அனுப்பு.

தியாகலிங்கம்

சுருவில்
14.6.1962

அன்புள்ள அண்ணைக்கு,

நாலு கொப்பிகளும் இதே தபாலில் வருகின்றன. ஒரு தாளும் குறையவில்லை.

உங்களுக்கு மறைத்தது பிழை. ஒத்துக்கொள்கிறேன். முதலே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நிறுத்தச் சொல்வீர்கள் என்று தெரியும், அதனால் எழுதவில்லை. இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், ஒருமுறை பொறுமையாக வாசியுங்கள்.

அல்போன்சம்மா அக்காவின் மகன் லியோன் போன மாரியில் மண்டைதீவுப் பக்கம் வலைக்குப் போய்த் திரும்பவில்லை. தோணியும் இல்லை, உடம்பும் இல்லை. அவர் அன்று இருந்து கதை கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. வாசிக்கத் தொடங்கிய பிறகு நிறுத்தவும் எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு பேரும் கதவைத் தட்டுகிற இடம் வந்தது. காவல்காரன் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு இருக்கிறான். அப்போது அல்போன்சம்மா அக்கா, "கதவைத் திறக்கச் சொல்லு பிள்ளை" என்றார்.

நான் அடுத்த வரியை வாசித்தேன். அவன் திறக்கவில்லை.

அவர் என் கொப்பியின் மேல் கையை வைத்தார். செதிள் ஒட்டிய கை. "அவங்கள் நனைஞ்சுபோய் வெளியிலை நிக்கிறாங்கள் எல்லோ. திறக்கச் சொல்லு" என்றார். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

நான் என்ன செய்வது அண்ணை? உங்கள் எழுத்தைப் பார்த்துக்கொண்டே, இல்லாததை வாசித்தேன். அவன் திறந்தான். இரண்டு பேரும் உள்ளே வந்து நின்றார்கள். தரையில் தண்ணீர் பரவியது. இவன் வெந்நீர் கொடுத்தான், போர்வை கொடுத்தான். ஒன்றையும் அவர்கள் தொடவில்லை. ஒருவன் பேச வாயைத் திறந்தபோது முதலில் கடல்தண்ணீர்தான் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாய் தண்ணீர். "எங்கடை வீட்டை போய்ச் சொன்னனீரோ?" என்று கேட்டான். இவன் ஏழு நாளாகச் சொல்லப் போகவில்லை. விளக்கை விட்டுப் போகப் பயம். "விடியப் போறன்" என்றான். அவர்கள் திரும்பிப் படியிறங்கினார்கள். போகிறபோது கதவைத் தாங்களே சாத்தினார்கள்.

இவ்வளவுதான் நான் செய்த திருத்தம். அவர்கள் பயப்படவில்லை என்று நினைக்காதீர்கள். அந்தத் தண்ணீர் வந்த இடத்தில் நல்லம்மாக்கா என் தோளைப் பிடித்த பிடி இரண்டு நாள் நொந்தது. பயந்தார்கள், ஆனால் அந்தப் பயம் அவர்களுக்குப் பிடித்திருந்தது. அல்போன்சம்மா அக்கா கடகத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "நாளைக்கும் இதைத்தான் வாசிக்கோணும்" என்றார். எங்கே பயந்தார்கள் என்று மட்டும்தான் நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டீர்கள். கேட்டுவிட்டு எப்படி எழும்பிப் போனார்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

எனக்கு இங்கிலீசு தெரியாதுதான். எட்டாம் வகுப்போடு என் படிப்பை மறித்தபோது நீங்கள் யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்தீர்கள். அதை நான் ஒருநாளும் குறையாகச் சொல்லவில்லை. இதையும் குறையாக எழுதவில்லை, நீங்கள் கேட்டதற்குப் பதில்.

அன்புத் தங்கை,
இராசேஸ்வரி

சுருவில்
2.9.1962

அன்புள்ள அண்ணைக்கு,

இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஐயா தபால்காரரைக் கண்டால் படலை வாசலுக்கு எழும்பிப் போகிறார். என்னோடு கோபம் என்றால் அவருக்காவது இரண்டு வரி போடக்கூடாதா? நான் கொப்பிகளைத் திருப்பிவிட்டேன், பிழையையும் ஒத்துக்கொண்டுவிட்டேன். இன்னும் என்ன செய்ய வேண்டும்?

இராசேஸ்வரி

பண்டாரவளை
10.1.1963

என் அன்புத் தங்கைக்கு,

ஐயாவுக்கும் உனக்கும் பொங்கல் வாழ்த்து. பதில் எழுதாததற்குக் கோபிக்காதே. கந்தோர் வேலையும் அச்சுவேலையும் சேர்ந்து என்னை மூச்சுவிட விடவில்லை.

புத்தகம் வந்துவிட்டது. ஒரு பிரதி அனுப்புகிறேன். 'வெளிச்சவீட்டின் கதவு' என்று பெயர் வைத்தேன். அச்சகக்காரர் அந்தக் கதையைத்தான் முதலில் போட வேண்டும் என்று நின்றார். யோசித்துப் பார்த்ததில் மூலக்கதையின் முடிவு எங்கள் ஆட்களுக்குப் பொருந்தாது என்று எனக்கும் பட்டது. அதனால் கொஞ்சம் மாற்றி அமைத்தேன். இங்கே தமிழ்ச்சங்கத்தில் நானே வாசித்தேன். கதவைத் திறக்கிற இடத்தில் சபை முழுவதும் அசையாமல் இருந்தது. தலைவர் எழும்பி என் கற்பனையைப் பாராட்டினார்.

முன்னுரையில், கதைகளைக் கேட்டு ரசித்த ஊர்ப் பெண்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். பார்.

இன்னும் ஆறு கொப்பிகள் எழுதி முடித்துவிட்டேன், பார்சலாக வருகின்றன. இந்த முறை நீ சொல்லுக்குச் சொல் வாசிக்க வேண்டியதில்லை. உனக்குத் தோன்றியபடி மாற்றி வாசி. எங்கே என்ன மாற்றினாய் என்பதை மட்டும் ஒரு தாளில் விபரமாக எழுதி அனுப்பு. இரண்டாம் புத்தகத்துக்கு அச்சகக்காரர் அவசரப்படுத்துகிறார்.

என்றும் உன் அன்புள்ள அண்ணன்,
தியாகலிங்கம்

சுருவில்
28.1.1963

அண்ணைக்கு,

ஐயா சுகம். உங்கள் பெயர் அட்டையில் இருப்பதைத் தடவிப் பார்த்துவிட்டு, புத்தகத்தைச் சாமிப்படத்தடியில் வைத்திருக்கிறார். அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

நீங்கள் கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். புத்தகத்தை வேப்பமரத்தடியில் வாசித்தேன். வாயில் கடல்தண்ணீர் வருகிற இடம் நான் எழுதிய கடிதத்தில் இருந்தபடியே இருக்கிறது. ஒரு சொல்லும் பிசகவில்லை. அந்த விசயத்தில் நீங்கள் கவனமான ஆள்தான்.

வாசித்து முடிய நல்லம்மாக்கா, "இது பிள்ளை, நீ சொன்ன கதை எல்லோ? புத்தகத்திலை ஏன் உன்ரை அண்ணன்ரை பேர் கிடக்கு?" என்று கேட்டார். அல்போன்சம்மா அக்கா, "கேட்டனாங்கள் நாங்கள், ஆர் சொன்னதெண்டு எங்களுக்குத் தெரியும், விடுங்கோ" என்று சொல்லிவிட்டு மீன் பங்குபோடத் தொடங்கினார்.

திறக்கச் சொன்னவர் அவர் அண்ணை. உங்கள் முன்னுரையில் அவர் 'ஊர்ப் பெண்கள்'. திறந்தவள் நான். நானும் 'ஊர்ப் பெண்கள்'. மாற்றியதற்கு என்னை ஏழு மாதம் பேசாமல் தண்டித்துவிட்டு, அந்த ஏழு மாதமும் அதைத்தான் அச்சுக் கோத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். நான் எழுதிய மூன்று கடிதங்களும் அப்போது உங்கள் மேசையில் கிடந்திருக்கும். இதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. பெயர் போடாததைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பேன்.

உங்கள் ஆறு கொப்பிகளும் இதே பார்சலில் திரும்பி வருகின்றன. கட்டியிருந்த நூலைக்கூட அவிழ்க்கவில்லை. உள்ளே என்ன கதைகள் என்று எனக்குத் தெரியாது.

பெண்கள் இப்போதும் வருகிறார்கள். நேற்றுக் கொப்பி இல்லாமல் ஒரு கதை சொன்னேன். செல்லாச்சி அக்கா பாதியில் எழும்பி ஓடப் பார்த்தார். மற்றவர்கள் சீலையில் பிடித்து இருத்தினார்கள். பிறகு அவரே, "ம், சொல்லு" என்றார். பொழுது சாயும்வரை ஒருவரும் போகவில்லை.

அது என்ன கதை என்று உங்களுக்கு எழுதமாட்டேன்.

இராசேஸ்வரி