ருசி பார்த்ததும் சாப்பாடுதான்

பேசாமல் இருந்தது போதும் பாய். பதினான்கு மாதம் ஆகிவிட்டது.

இன்று காலை கம்பம் மார்க்கெட்டில் ஒரு பழக்கடைக்காரர் ஒரு கொத்துப் பன்னீர் திராட்சையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "சும்மா ருசி பாருங்க சார், வாங்கவா சொல்றேன்" என்றார். வாசனை மூக்கில் ஏறியதும் என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு உங்களை நினைத்து நான் சிரித்தது இன்றுதான். வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் மகள் பத்தாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தாள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த நீங்கள் மாணவர் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். எழுந்தபோது டெஸ்க்கும் உங்களோடு எழுந்தது. மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"வாத்தியாரே, பெரியவுகளுக்குன்னு ஒரு நாற்காலி போட மாட்டீகளா?"

"போட்டிருந்தாங்க பாய். ஒடச்சது நான்தான்."

நம் பழக்கம் அங்கேதான் தொடங்கியது. நீங்கள் நூற்று நாற்பது கிலோ, நான் நூற்று இருபத்தெட்டு. இருவருக்கும் சர்க்கரை, மூட்டுவலி, இரவில் மூச்சுத்திணறல். இரைப்பையைச் சின்னப் பையாகச் சுருக்கிக் குடலோடு இணைக்கும் அறுவையைப் பற்றி நான்தான் தேடித் தேடிப் படித்தேன். மதுரை மருத்துவரிடம் உங்களை அழைத்துப் போனதும் நான்தான். "நீங்க போனா நானும் வாரேன். ஒத்தையில போயி ஒடம்பக் கொறச்சா ஊர்ல பேச்சுத்தொணைக்கு ஆள் வேணாமா?" என்றீர்கள்.

அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தோம். மறுநாள் செவிலியர் மருந்து மூடி அளவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து, மெதுவாகக் குடிக்கச் சொன்னார். நீங்கள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தீர்கள். "சிஸ்டர், எங்க ஊர்ல குருவிக்கு வைக்கிறதே இதவிடக் கூட இருக்கும்." எனக்குத் தையல் பிய்ந்துவிடும்போல் ஆனது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சிரித்தேன். அவ்வளவு வலியோடு அவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்ததே இல்லை.

முதல் வருடம் எடை தானாகக் கரைந்தது. அதில் நம் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. ஊர்தான் சும்மா இருக்கவில்லை. எங்கள் கோயில் திருவிழாவில், குண்டாக இருந்தபோது என்னை 'உருளை' என்று கூப்பிட்ட அதே சித்தப்பா மகன், "என்னலே, ஆணியில மாட்டுன சட்டையாட்டம் இருக்க. சீக்கா?" என்று கேட்டான். என்ன சட்டை போட்டிருந்தான் என்பதுவரை எனக்கு நினைவிருக்கிறது. இப்படி மனதில் நான் சேர்த்து வைத்திருந்த பட்டியல் உங்களுக்குத் தெரியும். தலைமையாசிரியர் பதவியைத் தட்டிப் பறித்தவர், ஆசிரியர் அறையில் சிரித்தவர்கள், கல்யாண வீட்டில் நாற்காலியைப் பார்த்து உட்காரச் சொன்னவர். நீங்கள் ஒருநாள் சொன்னீர்கள்: "அம்பது கிலோவ எறக்கி வச்சிட்டீக வாத்தியாரே. இந்த மூட்டைய எப்ப எறக்குவீக?"

மூன்றாம் வருடத்தில்தான் உண்மையான வேலை தொடங்கியது. பசி திரும்பி வந்தது. முட்டையும் சுண்டலும் முதலில், சோறு கடைசியில், சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, காலையில் நடை. எல்லாம் சரியாகத்தான் செய்தோம். ஆனாலும் சட்டைப் பொத்தான் இறுகியது. உங்கள் கமிஷன் கடையில் திராட்சைப் பெட்டி நிறுக்கும் தராசில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஏறினோம். எனக்கு எட்டு கிலோ கூடியிருந்தது, உங்களுக்குப் பதினொன்று.

"தராசு பழசு" என்றீர்கள்.

பெட்டி தூக்குகிறவர் எட்டிப் பார்த்தார். "தராசு சரியாத்தான் இருக்கு பாய். ஆளுக்கு ரெண்டு பெட்டி கூட ஏறிருக்கு, அம்புட்டுத்தான்."

கடையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். நான் அவரையும் உங்களையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டு மூன்று வாரம் அந்தப் பக்கமே வரவில்லை.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை நீங்களே என் வீட்டுக்கு வந்தீர்கள். கையில் ஒரு துணிப்பை. கேட்காமலே என் மேசையில் கவிழ்த்தீர்கள். திராட்சை உருண்டோடியது. நடுவில் பாதி வாழைப்பழம், நாலைந்து சிப்ஸ், இரண்டு பேரீச்சை.

"என்ன பாய் இது?"

"இன்னைக்கு நான் திங்காதது. தோட்டம் தோட்டமாப் போறேன்ல, ருசி பாருன்னு நீட்டுறாகள்ல. வழக்கமா எம்புட்டு வாயில போடுவேனோ, அம்புட்டையும் இன்னைக்குப் பையில போட்டேன். எங்கன வச்சோம்னு தெரியாமத் தேடுனோமே அந்த எடை, இங்கன கெடக்கு பாருங்க."

என் வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். ஒன்றேகால் கிலோ. திராட்சை வியாபாரி தோட்டத்துக்குப் போனால் பழத்தை வாயில் போடாமல் விலை பேச முடியாது. வேண்டாம் என்றால் தோட்டத்தையே பழித்த மாதிரி. அதனால் ருசி பார்ப்பதை நம் பக்கத்தில் யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. நோன்பு போலச் சாப்பாட்டை அளந்த நாமும் சேர்க்கவில்லை. பழச்சாறு அந்தச் சின்னப் பையில் நிற்காமல் வழுக்கி இறங்கிவிடும். வயிறு நிறைந்த நினைப்பே வராது. எனக்கு ஆசிரியர் அறை மிக்சரும் அப்படித்தான்.

மறுநாளிலிருந்து தோட்டத்துக்கு ஒரே பழம் என்று வைத்துக்கொண்டீர்கள். அதைக் கண்ணை மூடி, மெதுவாக, தோலும் விதையும் தனித்தனியாக மென்றீர்கள். விவசாயிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரே மாதத்தில் பள்ளத்தாக்கு முழுக்கப் பேச்சு: "பாய் ஒத்தப் பழத்துல மொத்தத் தோட்டத்தையும் சொல்லிருவாக." உங்கள் பெயர் ஏறியது, எடை இறங்கியது. அதை என்னிடம் சொல்லும்போது கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

அதன் பிறகு வந்த வருடங்கள் எப்படிப்பட்டவை! காலையில் எங்கள் கோயில் மணி அடித்தால் நீங்கள் இரும்புச்சத்து மாத்திரை போடுவீர்கள். மாலையில் உங்கள் பள்ளிவாசல் பாங்கு கேட்டால் நான் சுண்ணாம்புச்சத்து மாத்திரை போடுவேன். வாழ்நாள் முழுக்கப் போட வேண்டிய மாத்திரைகளுக்கு இரண்டு மதமும் காவல். ஹோட்டலில் ஒரு தோசையும் இரண்டு தட்டும் கேட்போம். சப்ளையர் தோசையைப் பார்ப்பார், பிறகு நம்மைப் பார்ப்பார். குமுளி ஜீப்பில் முன்பெல்லாம் முன்சீட் முழுக்க உங்களுக்குத்தான். ஒருநாள் டிரைவர், "தள்ளி ஒக்காருங்க பாய், இன்னும் ஒராளு ஏறட்டும்" என்றார். பின்சீட்டிலிருந்த என்னை நீங்கள் திரும்பிப் பார்த்த பார்வை! பரிசு வாங்கிய பிள்ளையின் முகம் அது. ஐம்பத்தாறு வயதில் சுருளி அருவிக்கு நிற்காமல் ஏறினீர்கள். மேலே போய், பின்னால் வந்த என்னைக் கேலி செய்யவும் உங்களுக்கு மூச்சு மிச்சம் இருந்தது.

கஷ்டத்தை மறைக்கவில்லை. நிக்காஹ் வீட்டுப் பாயசத்தில் இரண்டு கரண்டி கூடிப்போய், இனிப்பு நேராகக் குடலுக்கு இறங்கி, வேர்த்து, நெஞ்சு படபடத்து என் காரில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தீர்கள். ஒரு வருடம் எனக்கு ரத்தம் குறைந்து ஊசி போட்டார்கள். கத்தி வைத்தது மூன்று மணி நேரம்தான். காப்பாற்றுவது ஒவ்வொரு நாளும்.

பிறகு அந்த டெங்கு காய்ச்சல். நாலே நாள். அது இளைத்தவர், பருத்தவர் என்று பார்த்து வருவதில்லை, அறுவைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். ஆனால் உங்கள் வீட்டு வாசலில், நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவி என்னைப் பார்த்ததும் சொன்னார்கள்: "நீங்கதானே கூட்டிட்டுப் போயி வயித்த அறுத்தீக. ஒடம்பு இருந்திருந்தா காச்சலத் தாங்கியிருப்பாக." பட்டியலில் அதை முதலிடத்தில் வைத்தேன். அந்தத் தெருவில் காலெடுத்து வைக்கவில்லை.

போன வாரம் உங்கள் மகள் என்னைப் பார்க்க வந்தாள். உங்கள் உடல்வாகு அவளுக்கு. இந்த வயதிலேயே சர்க்கரை. அன்று நமக்குச் சொன்னதையே மருத்துவர் அவளுக்கும் சொல்லியிருக்கிறார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு ஆள முழுங்குனது போதும்" என்கிறார்களாம். தனக்காகப் பரிந்து பேசும்படி அவள் என்னைக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சார், அந்த எட்டு வருசம் எங்க அத்தா சந்தோசமா இருந்தாகளா? அரை வயித்தோட ஏங்கியே போனாகன்னு அம்மா அழுகுறாக."

எனக்குத் தெரியும். நான் ஒருவன்தான் கூடவே இருந்தேன். இருந்தும், "அம்மாவையே கேளு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பட்டியல் என் வாயைக் கட்டிவிட்டது. அன்றிரவு வெட்கத்தில் சாப்பாடு இறங்கவில்லை. என் சின்ன வயிறு கேட்கும் அந்தக் கொஞ்சம்கூட இறங்கவில்லை.

அவள் அறுவை செய்துகொள்ளட்டும் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. அது அவளும் மருத்துவரும் பேச வேண்டியது. நீங்கள் ஏங்கிப் போகவில்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அரை தோசைக்கு நீங்கள் சிரித்த சிரிப்பை முழுப் பந்திச் சாப்பாட்டில் நான் பார்த்ததில்லை.

ஆறு வருடமாக என் எடை எண்பதைத் தாண்டவில்லை. உங்களிடமிருந்து வந்தவற்றில் உடம்பில் நிற்பது அது. மனதில் நிற்பது, என்னைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு சேர்ந்து சிரிக்கலாம் என்பது. ஐம்பதைக் கடந்தபின் கற்றுக்கொண்டு வருகிறேன். அக்கா சொன்ன வார்த்தையை இன்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். புருஷனைப் பறிகொடுத்தவர்கள் யார்மீதாவது சாயத்தானே வேண்டும்.

உறையில் உங்கள் வீட்டு முகவரியை, அக்காவின் பெயரை எழுதிவிட்டேன். அடியில் என் பெயர் இருந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். பார்த்தால் கிழித்துவிடுவார்கள். படிக்கப் படிக்க யார் எழுதியது என்று தெரிந்துவிடும், தெரியட்டும். ஆனால் பெயரில்லாத கடிதத்தைக் கடைசிவரை படிக்க, யாரையும் மன்னித்திருக்க வேண்டியதில்லை.

கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கப் போகிறேன்.