பெயர் போட்ட புகார்

மார்ச் 4

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றதால் வந்த வினை.

கீழ்வீட்டின் பின்புறத்தில், கழிவுநீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் அந்த நாயை. காலையில் சுவரின் நிழல் கொஞ்சம் இருக்கிறது. பத்து மணிக்கு மேல் அதுவும் போய்விடும். சங்கிலி குட்டை. படுத்தால் தலையைத் தரையில் வைக்க முடியாது. தலையைத் தூக்கியபடியே தூங்குகிறது. அப்படி ஒரு தூக்கத்தை நான் ரயிலில்தான் பார்த்திருக்கிறேன்.

கீழே இருப்பது இவருடைய அண்ணன். அத்தான் என்று கூப்பிடுகிறேன். அடுத்த தெருவில் திருடன் வந்தபோது காவலுக்கென்று வாங்கிய நாய். திருடன் மறந்துபோனான், நாயும் மறந்துபோனது. சங்கிலி மட்டும் மறக்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு நாய் என்றாலே ஆகாது. வாசனை பிடிக்காது, ஈர மூக்கு பிடிக்காது. பிறகு ஏன் பால் வழிந்தது?

மார்ச் 7

துணி துவைக்கும் குழாயிலிருந்து ஒரு ரப்பர் குழாயை ஜன்னல் வழியாக இறக்கி, அதன் தட்டில் தண்ணீர் விழும்படி பிடித்தேன். அத்தான் பார்த்துவிட்டார்.

"எங்க நாய்க்குத் தண்ணி ஊத்த எங்களுக்குத் தெரியும். நீ உன் வீட்டுத் தரையைத் துடை."

தெரிந்திருந்தால் தட்டில் ஏன் பாசி காய்ந்து பொருக்காகக் கிடக்கிறது? கேட்கவில்லை. குழாயைச் சுருட்டிக்கொண்டேன். என்மீதே எரிச்சல்.

மார்ச் 12

இன்று தட்டு கவிழ்ந்து கிடந்தது. சாயங்காலம் வரை அப்படியே.

மார்ச் 13

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று கூட்டமில்லை. மதியம் ஓர் அம்மா வந்தாள். கிட்டத்தில் இருப்பது தெரியவில்லையாம். இருட்டறையில் உட்காரவைத்து வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டேன். என்ன வேலை என்று வழக்கம்போலக் கேட்டதற்கு, நகராட்சியில் விலங்கு நல ஆய்வாளர் என்றாள். "நாய்க்காரி, நாய்க்காரின்னு கூப்பிடுவாங்க. நீங்களும் கூப்பிடலாம், எனக்குக் கோபம் வராது."

இருட்டில் மனிதர்களிடம் எதையும் கேட்டுவிடலாம் போலிருக்கிறது. கேட்டேன். அடிக்கவில்லை, உதைக்கவில்லை, கட்டிப்போட்டு மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அது குற்றமா?

"அடிக்கவே வேணாம்மா. மறந்தாலே போதும். நிழல், தண்ணி, படுத்துத் திரும்ப இடம், புண்ணுக்கு மருந்து. நம்ம ஊர் விதியிலேயே இருக்கு. நாள் முழுக்கக் கட்டி வைக்கறதும் தப்பு."

"அப்போ ஒரு கடிதாசி போட்டா வருவீங்களா? பேர் இல்லாம?"

சிரித்தாள். "பேரில்லாத புகாரைத் தொட மாட்டோம். சண்டைக்காரனெல்லாம் எதிர்வீட்டு நாயைச் சாக்கா வச்சு எழுதுறான். பேர் போடணும். நாங்க பார்க்க வர்ற அன்னிக்கு, கொடுத்தவங்களும் கூட நிக்கணும்."

கூட நிற்க வேண்டும். அத்தானுக்கு எதிரே. மூக்குக்கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டே இருந்தேன். முதலாளி, "கண்ணாடி தேஞ்சு போயிடப்போகுது" என்றார்.

மார்ச் 19

இவரிடம் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

"ஒரே வாசல். தினமும் அவர் முகத்துலதான முழிக்கணும். ஒரு நாய்க்காக அண்ணன் தம்பியைப் பிரிச்சாள்னு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். யாருக்கு எத்தனை பல்லுன்னு நானும் பார்த்துக்கறேன்."

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் எல்லாருமே இப்படித்தான் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார்களோ?

மார்ச் 22

கழுத்தில் புண். மாடியிலிருந்தே தெரிகிறது. ஈ மொய்க்கிறது. தலையை ஆட்டி விரட்டினால் சங்கிலி மறுபடி அதே இடத்தில் உரசுகிறது.

முறைப்படி முதலில் நேரில் சொல்லிவிடலாமென்று இறங்கிப் போனேன். அத்தான் செய்தித்தாளை மடிக்காமலே பேசினார். "நாய் நாய் மாதிரிதான் இருக்கும். மெத்தை போட்டு விசிறணுமா?" உள்ளேயிருந்து அக்கா (அத்தானின் மனைவி, என் ஓரகத்தி) குரல் கொடுத்தாள்: "இவளுக்கு நாயைக் கண்டாலே ஆகாது. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்!"

ஆமாம், ஆகாதுதான். பிடித்தவர்கள் மட்டும்தான் கேட்க வேண்டும் என்றால், பிடிக்காத உயிர்களெல்லாம் என்ன செய்யும்?

மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் புகார் கொடுத்தேன். முழுப் பெயர். எழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

மார்ச் 27

அநியாயம்! பார்க்க வரும் நாளை முன்கூட்டியே நாய்க்குச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட வேண்டுமாம். அதுவும் விதியாம்.

கீழே ஒரே அமர்க்களம். நாயைக் குளிப்பாட்டுகிறார்கள். குழாயில் ஒரு பூப்போட்ட குடையைக் கட்டியாயிற்று – நிழலாம்! புதுக் கழுத்துப்பட்டை, புதுத் தட்டு. கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு நடந்திருக்காது.

இவர் மட்டும் மெல்ல, "எப்படியோ, இன்னிக்கு அது குளிச்சுடுச்சு" என்றார்.

மார்ச் 28

வந்தார்கள். உட்கார்ந்து முழுவதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் தூக்கம் வராது.

நான் ஆய்வாளர் அம்மா பக்கத்தில் நின்றேன். அத்தான் என்னைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்தார். நாய் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே, ஒரு கம்பளத்தின் மேல் இருந்தது. வழவழப்பான தரையை அது கண்டதே இல்லை. நாலு காலும் நாலு பக்கம் வழுக்க, அசையாமல் நின்றது.

"எப்பவும் உள்ளதான் இருக்கும். வீட்டுப் பிள்ளை மாதிரி" என்றார் அத்தான்.

"அப்படியா, பிள்ளை பேர் என்ன?"

"வீரா" என்றார் அத்தான். அதே நொடியில் "மணி" என்றாள் அக்கா.

ஆய்வாளர் முகத்தில் ஒரு சுருக்கமும் மாறவில்லை. "சரி, ரெண்டு பேரும் ஒவ்வொருத்தரா கூப்பிடுங்க. எதுக்கு வருதுன்னு பார்ப்போம்."

கூப்பிட்டார்கள். வீரா. மணி. கொஞ்சலாக, பிறகு அதட்டலாக. அது இரண்டு பெயருக்கும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கட்டிய நாயை யாராவது எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்? அதற்குப் பெயரே தேவைப்படவில்லை.

பிறகு பட்டையைக் கழற்றச் சொன்னாள். கழற்றியதும் மல்லிகை வாசம் குப்பென்று வந்தது. புண்ணின் மேல் முகத்துக்குப் பூசும் பவுடரை அப்பியிருந்தாள் அக்கா. பவுடர் ஈரத்தில் ஊறிக் கட்டிதட்டிப் போயிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். புண்ணைப் பவுடரில் மறைப்பதை இன்றுதான் பார்த்தேன்.

நாய் முனகியது. அத்தானின் கை, அவரை அறியாமலே மேலே எழுந்தது. உடனே நாய் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் சாட்சி சொல்லத் தேவையிருக்கவில்லை.

எச்சரிக்கை அறிவிப்பு கொடுத்தார்கள். கூரை போட வேண்டும், சங்கிலியில் நாள் முழுக்க வைக்கக்கூடாது, தினமும் மருந்து. மறுபடி புகார் வந்தால் நாயை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"மேல நின்னு வேவு பார்த்தியா?" என்றார் அத்தான்.

"ஆமா அத்தான். இனியும் பார்ப்பேன்."

ஏப்ரல் 2

பார்க்க முடியாது. என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, கீழேயிருந்து கம்பு நட்டுத் தகரம் அடித்துவிட்டார். நிழலுக்குப் போட்ட கூரை என்று தெருவில் சொல்லிக்கொள்கிறாராம். தகரம் நிற்பது என் ஜன்னலுக்கு நேராக. நாய்க்கு மேலே வெறும் வானம்தான்.

சரி. காதை யாராலும் தகரம் போட்டு மூட முடியாது.

ஏப்ரல் 9

மருந்து போடும் வேலை அக்காவின் தலையில் விழுந்திருக்கிறது. அத்தான் தொட மாட்டாராம். தகரத்துக்கு அந்தப் பக்கம் அவள் குரல்: "ச்சீ, நக்காத. ஆடாம நில்லு. எனக்கு மட்டும் ஆசையா?"

சாயங்காலம் படியில் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 15

"வலிக்குதா? இந்தா, முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு."

அக்காதான். அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டேன்.

ஏப்ரல் 21

மறுபடி சங்கிலிச் சத்தம். நாள் முழுக்க, குழாயில் உரசி உரசி. மதியம் அக்கா கத்துவது கேட்டது: "இப்பத்தான் தோல் மூடிட்டு வருது, அதே இடத்துல கட்டுறீங்களே!" அத்தான் ஏதோ சொன்னார். கதவு அறைந்து சாத்தப்பட்டது.

ஆய்வாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கண்ணால பார்த்தீங்களா?" என்றாள். தகரத்தைத்தான் பார்த்தேன் என்றேன். "சத்தத்தை வச்சு நான் வர முடியாதும்மா." எங்கே போய் முட்டிக்கொள்வது? ஏணி வாங்கப் போகிறேன். இவர் சிரித்தபடி, "நான் பிடிச்சுக்கறேன்" என்றார். முதல் முறை.

ஏப்ரல் 24

ஏணி தேவைப்படவில்லை.

காலையில் நகராட்சி வண்டி வந்தது. நான் புகார் கொடுக்கவில்லையே என்று பதறி இறங்கினேன். அத்தான் வாசலை மறித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்: "மேல இருக்கறவ கொடுத்ததுதான? அவளுக்கு என் வீட்டுக்குள்ள என்ன தெரியும்?"

"அவங்க கொடுக்கல" என்றாள் ஆய்வாளர்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, ஆய்வாளருக்குப் பக்கத்தில், போன மாதம் நான் நின்ற இடத்தில் நின்றாள். அத்தான் அவளைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை.

"நான்தான் போட்டேன். எனக்கும் கையெழுத்து வரும்."

நாயை அவளே வண்டிவரை நடத்திக்கொண்டு போனாள். ஏற்றும்போது மருந்துக் குப்பியை ஓட்டுநரிடம் கொடுத்து, காதுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டால் ஆடாது என்று சொல்லிக்கொடுத்தாள்.

மாலையில் படியேறி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"உன் மேல இருக்கற கோபம் இன்னும் தீரலடி."

"தீர வேணாம்க்கா. உள்ள வந்து உட்காருங்க."

உட்கார்ந்தாள்.