கதவுக்கு இந்தப் பக்கம்

திருவனந்தபுரம்
ஞாயிறு மாலை

அன்பு மகள் அஸ்வதிக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. நானும் அம்மாவும் சுகம். மும்பையில் நீயும் சுகம் என்று உன் கேமராமேன் பிரதீஷ் சொன்னான்.

நம் வீட்டில் உன் படப்பிடிப்பு நேற்று முடிந்தது. அப்பா கூப்பிடாமல் அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று, ஒவ்வொரு காட்சியையும் எப்படி எடுக்கவேண்டும் என வரைந்த கட்டங்களை மட்டும் அனுப்பிவிட்டு அங்கேயே இருந்துகொண்டாய். பிடிவாதத்தில் நீ என் மகள்தான். அம்மா காலையிலேயே பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். அப்பா வேடத்துக்கு வரவேண்டிய நடிகருக்குக் காய்ச்சலாம். சட்டை எனக்குப் பொருந்தும் என்று அம்மா என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். ஆமாம், நீ இப்போது படமாக எடுக்கும் உன் காமிக்ஸ் புத்தகத்தில் அந்த அப்பாவுக்கு அவ்வளவு பெரிய வயிறு எதற்கு?

அதை நான் படித்தேன் என்று உன்னிடம் சொன்னதில்லை. நம் பாத்திரக்கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் படித்தேன். பிறகு ஒரு வாரம் எல்லாமே கட்டம் கட்டமாகத் தெரிந்தது. பஸ் ஒரு கட்டம், பூக்காரி ஒரு கட்டம், நடுவில் வெள்ளையாக ஒரு சந்து. அந்தச் சந்துக்குள் நீ நடந்து போய்க்கொண்டிருப்பாய்.

நேற்று நல்ல வெயில். நம் வாசலில் மட்டும் மழை. டேங்கர் தண்ணீரைக் குழாயில் பீய்ச்சிப் பெய்ய வைத்தார்கள். எட்டு வருடத்துக்கு முன்பு பேங்க் வேலையை விட்டு, படம் வரையவும் படம் எடுக்கவும் தனியாகக் கிளம்புகிறேன் என்றாய். போனால் திரும்பி வராதே என்று கதவைச் சாத்தினேன். நீ மழையில் நின்றாய். புத்தகத்தில் மூடிய கதவு மட்டும்தான் இருந்தது. இப்போது நீ அனுப்பிய கட்டத்தில், கதவுக்கு உள்ளே அப்பாவின் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. அன்றைக்கு நானும் அப்படித்தான் நின்றேன் என்று உனக்கு எப்படித் தெரியும்? அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லையே.

கையை வைத்தபடி நிற்கவேண்டும், திறக்கக்கூடாது, அவ்வளவுதான் நடிப்பு என்றான் பிரதீஷ். நின்றேன். வெளியே மழைச் சத்தம். எந்த வருடம் என்றே மறந்துபோயிற்று. தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

வாசலில் குழாயைப் பிடித்துக்கொண்டு லிங்கம் என்ற வேலையாள் தெப்பமாக நனைந்து நின்றார்.

“நனையாத மக்ளே, உள்ள வா” என்றேன்.

பாவம், அவர் குழாயைப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டார். அம்மா துண்டு கொடுத்தாள். மழை நின்றுவிட்டது.

ஒரு டேக் கூடி எடுக்காம் அங்கிளே என்று, இன்னொரு தடவை எடுக்கச் சொல்லி பிரதீஷ் மலையாளத்தில் கெஞ்சினான். இனிமேல் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்க என்னால் ஆகாது என்றேன்.

ஆகவே உனக்கு வந்துசேர்வது அந்த ஒரு ஷாட்தான். உன் கதையைக் கெடுத்துவிட்டேன். கோபப்படு, திட்டு, வேண்டாம் என்றால் வெட்டி எறி. உன் படம், உன் இஷ்டம். வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை சத்தத்தோடு போட்டுக் கேள். நான் கூப்பிட்டது லிங்கத்தை அல்ல.

பிள்ளையார் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா தாணுமாலயன்