லாத்தாவின் பித்தமும் சிவப்பு மாத்திரையும்

என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்த ஒரே அக்கா, என் லாத்தாவுக்கு,

நீ போய் நாற்பதாம் நாள் பாத்திஹாவும் ஓதியாயிற்று. வந்தவர்களுக்கு நெய்ச்சோறு பரிமாறினேன், தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அழுகை மட்டும் வரவில்லை. கை, கால் எல்லாம் யாருடையவையோ போல இருக்கின்றன.

உனக்குப் பல் வீங்கியபோது துபாயிலிருந்து போனில் வைத்தியம் சொன்னவன் நான். "போன தடவ கொண்டாந்த செவப்பு மாத்திர தகரப் பெட்டியில கெடக்கும், போட்டுக்க லாத்தா." தைலம், அத்தரோடு அதுவும் ஒவ்வொரு பயணத்திலும் நம் வீட்டில் வந்திறங்கும் சாமான்தானே? பல் சரியாயிற்று. வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. "இன்னொரு அட்டையப் போடு" என்றேன். "சரிங்க டாக்டரு" என்று சிரித்தாய்.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று கேட்டு விமானம் ஏறி, காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஓடி வந்தேன். நீ கண் திறக்கவில்லை. "வேற மாத்திர ஏதும் சாப்பிட்டாங்களா?" என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் நம்மைப் பெற்ற உம்மா நின்றார்கள். "தெரியலீங்க" என்றேன்.

நீ போன பிறகுதான் சோதனை முடிவு வந்தது. டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "கல்லீரல்லேருந்து வர்ற பித்த அமிலத்தக் குடல்ல இருக்கிற சில நல்ல கிருமிங்க வேற அமிலமா மாத்துதுங்க தம்பி. அதுதான் ஒரு கெட்ட கிருமிய அடக்கி வைக்கும். பலமான ஆன்டிபயாடிக் மாத்திர நல்லதையும் கொன்னுட்டா, பித்தம் மாறாமலே கெடக்கும். கெட்டது முளைச்சிடும். அப்படி மாத்திர சாப்பிட்டது முன்னாடியே தெரிஞ்சிருந்தா, வந்த அன்னைக்கே சோதிச்சிருப்போம்."

தலையாட்டினேன். அமிலத்திலிருந்து ஒரு சின்னத் துண்டைக் கழற்றுவதுதான் அந்தக் கிருமிகளின் வேலையாம். உனக்குள் இத்தனை வருஷம் சத்தமில்லாமல் நடந்த வேலையை நான் ஒரு போனில் நிறுத்திவிட்டேனே, லாத்தா?

நேற்று உம்மாவுக்குக் காய்ச்சல். "அந்தச் செவப்பு மாத்திரயில ஒண்ணு எடுத்துத் தாப்பா" என்றார்கள். "வேணாம்மா, டாக்டர்ட்ட போவோம்" என்றேன். "ஏன், நல்ல மாத்திரதானே?" என்றார்கள். தகரப் பெட்டியைத் திறந்தேன். இரண்டாவது அட்டையில் பாதியைக் காலண்டர் தாளில் மடித்து வைத்திருந்தாய். மேலே உன் கையெழுத்து: 'தம்பிக்கு. ஊருக்கு வந்தா அவனுக்கு வயிறு கெடும்.'

அதைப் படித்தும் அழுகை வரவில்லை. இது என்ன நெஞ்சு?

நாளைக் காலை உம்மா டீ குடித்து முடித்ததும், டாக்டர் கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலை அவர்களிடம் சொல்வேன். அடித்தாலும் சரி, பேசாமல் போனாலும் சரி. சத்தியம் லாத்தா.

தெரிந்தே 'தெரியலீங்க' என்று சொன்ன
உன் தம்பி