பென்சில் குறி போட்ட இடம்

இன்று வங்கியில் ஒரு பெண் அலுவலர் பதினோரு பக்கக் காகிதத்தை என் முன்னால் தள்ளி, "குறி போட்ட இடத்துல மட்டும் ஒரு சைன் போடுங்க சார்" என்றார். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. பார்த்ததும் உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது எனக்கு. பாவம், அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? நீங்கள் இறந்துபோய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்தக் குறி மட்டும் இன்னும் சாகவில்லை.

அப்போது மலைமேல் வளப்பூர் நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்து கொடுக்கிறவன், நீங்கள் மிளகு விவசாயி. நாம் பழகியதே உங்கள் காச நோயால்தான். ஆறு மாதம் நாள் தவறாமல் வந்து, என் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கிவிட்டு, "எழுதிக்கோங்க சார், அப்புறம் தின்னலீன்னு சொல்லிப்போடுவீங்க" என்று பதிவேட்டைத் தட்டிக் காட்டுவீர்கள். குணமாகி மூன்று வருடம் கழிந்தும் பலாச்சுளையோடு வந்து உட்காருவதை நீங்கள் விடவில்லை.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம்தான் காப்பீட்டு முகவர் ஒருவர் நாமக்கல் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஆயுள் காப்பீட்டு விண்ணப்பம் முழுக்க ஆங்கிலம். உங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் மளமளவென்று நிரப்பிக்கொண்டு போனார். நீங்கள்தான் நிறுத்தினீர்கள்.

"ஏனுங்க, நெஞ்சுல சீக்கு வந்து ஆறு மாசம் மாத்திரை தின்னேனுங்க. அதை எழுத வேண்டாமுங்களா?"

"அதெல்லாம் ஆறிப்போன கதைங்க. எழுதுனா எக்ஸ்ரே, டெஸ்ட்டுன்னு இழுத்தடிப்பாங்க. உடுங்க."

நீங்கள் தமிழில் கையெழுத்துப் போட்டதால் சாட்சி ஒருவர் வேண்டுமாம். முகவர் பென்சிலால் குறி வைத்துக் கொடுத்தார். இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு நானும் போட்டேன். எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். ஆனால் படிக்கவில்லை.

அடுத்த வருடமே மிளகுப் பறிப்பில் உங்கள் ஏணி சறுக்கியது. மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரத்தடியிலேயே உயிர் போய்விட்டது. உங்கள் மகளை நர்சிங் படிக்கவைக்க அந்தக் காப்பீட்டை விட்டால் உங்கள் வீட்டில் வேறு வழியில்லை. கம்பெனி என்ன எழுதியது தெரியுமா? பழைய நோயை நீங்கள் மறைத்துவிட்டீர்களாம், அதனால் ஒன்றும் தர முடியாதாம்.

மறைத்தீர்களாம்! மரத்திலிருந்து விழுந்த மனுஷனுக்கும் எப்போதோ ஆறிய நெஞ்சுச் சீக்குக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்கள் முகத்தைப் பார்க்க ஓர் ஆளை அனுப்பாத கம்பெனி, செத்த பிறகு எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறிவந்து என் பதிவேட்டை நகலெடுத்துக்கொண்டு போனது. தவணை வாங்கும்போது வராத சந்தேகம் கொடுக்கும்போது மட்டும் எங்கிருந்து வந்தது? தெரிந்த உண்மையைச் சொல்வது உங்கள் பொறுப்பு. வாய்விட்டுச் சொன்னீர்கள். உங்களுக்குப் புரிகிற மொழியில் கேட்பதும், சொன்னதைச் சொன்னபடி எழுதுவதும் அவர்கள் பொறுப்பில்லையா?

ஆனால் உங்கள் சம்சாரம் கம்பெனியைத் திட்டவில்லை. கம்பெனி அனுப்பிய இரண்டு நகல்களை என் மேசைமேல் வைத்தார். ஒன்று என் மாத்திரைப் பதிவேடு, இன்னொன்று அந்த விண்ணப்பம்.

"ஏனுங்க சார், மாத்திரை குடுத்ததும் நீங்கதான். சீக்கே இல்லீன்னு சாட்சி போட்டதும் நீங்கதானுங்களா?"

அப்போதுதான் குறிக்கு மேலே இருந்த வரியைப் படித்தேன். கேள்விகளையெல்லாம் உங்களுக்குத் தமிழில் விளக்கிச் சொன்னேன், நீங்கள் சொன்ன பதில்தான் இது என்று அதில் நான் உறுதி கூறியிருந்தேன். தூத்தேறி, நானும் ஒரு படித்தவன்!

உங்கள் சம்சாரம் நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டார், நான் சாட்சி சொல்லப் போனேன். "கவர்மெண்டு உத்தியோகம்யா, வம்பை வெல குடுத்து வாங்காதே" என்று மேலதிகாரி தடுத்துப் பார்த்தார். கம்பெனி வக்கீல் எகத்தாளமாகக் கேட்டார், "அன்னைக்குப் போட்டது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னைக்குப் போட்டதுதாங்க பொய். நான் படிக்கவே இல்லை" என்றேன்.

இரண்டு வருடம் இழுத்து, கடைசியில் தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தது. மகள் நர்சிங் சேர்ந்தாள். கம்பெனியிடமிருந்து காசோலை வந்ததே தவிர, வருந்துகிறோம் என்று ஒரு வரி வரவில்லை. படிக்காமல் சாட்சி போட்டதற்கு எனக்கு இலாகாவிலிருந்து மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன், அது நியாயம்தான்.

மன்றத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. முகவர் "உடுங்க" என்றதும் நீங்கள் பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். "போடலாமுங்களா சார்?" என்றீர்கள். புட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அட, போடுங்க" என்றேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் பேனாவை எடுத்தீர்கள்.

இன்று வங்கியில் முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. "சார், எல்லாரும் சும்மா போட்டுட்டுத்தான் போறாங்க" என்றார் அந்தப் பெண்.

"தெரியுமுங்க. நானும் போட்டேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.